மாதிரி வீட்டில் வைத்த உப்பு

அந்த மஞ்சள் பெட்ரோல் நிலையம் இரண்டாம் தடவையாக வலப்பக்கம் வந்தபோது பக்கிரிசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பத்து. முதல் தடவை அதைத் தாண்டியது ஒன்று ஐம்பத்தெட்டுக்கு. பன்னிரண்டு நிமிடம் ஓடிய வண்டி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறதென்றால் ஒன்று ஓட்டுநருக்கு வழி தெரியாது, இல்லாவிட்டால் ரொம்ப நன்றாகத் தெரியும். முன்னால் உட்கார்ந்து ஓட்டும் ரம்லிக்கு வழி தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வளைவில் பின்சக்கரத்தை அவன் கொண்டுவருகிற பக்குவத்தைக் காலையிலேயே பார்த்தாயிற்று. சொன்ன வழியில் போகிறான், அவ்வளவுதான். தானும் சிங்கப்பூரில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி, சொன்ன வழியில் போனவர்தானே, இவனை என்ன குறை சொல்வது. நேர்ச்சாலையில் போனால் சந்தை வரும், மேம்பாலத்தடியில் நெரிசல் வரும், லாரி வரும். இப்படிச் சுற்றினால் இருபக்கமும் நட்டுவைத்த பனை வரும், சின்ன ஏரி வரும், ஏரியில் அன்னம் மாதிரி செய்த மிதிபடகு வரும். வீடு பார்க்க அழைத்துவந்த பதினான்கு பேரில் பதிமூன்று பேர் அன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமி மட்டும் மணியைப் பார்த்தார். மலேசியாவின் ஜொகூரில் வீடு விற்கும் ஏஜெண்டு ஏற்பாடு செய்த இலவசப் பயணம் இது. காலையில் சிங்கப்பூரில் ஏற்றி, பாலம் தாண்டி, வீடு காட்டி, சோறு போட்டு, நாலு மணிக்கு விற்பனை அலுவலகத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துப் படிவத்தை நீட்டுவார்கள். விருப்பமிருந்தால் கையெழுத்துப் போடலாம், கட்டாயமில்லை என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. கட்டாயமில்லாத விஷயத்தை யாரும் மூன்று தடவை சொல்லமாட்டார்கள்.

வயிறு கனத்தது. வாழையிலைச் சாப்பாடு, அதுவும் சைவம். புரட்டாசி மாதம் என்பதை அந்தப் பிள்ளை பிரமிளா நினைவில் வைத்திருந்து, மற்றவர்களுக்குக் கோழியும் மீனும் போன மேசையிலிருந்து இவரையும் மனைவி சிந்தாமணியையும் தனியாகப் பிரித்து உட்காரவைத்து, “அங்கிள், இந்தக் கரண்டி அந்தப் பக்கம் போகல, நான் பாத்துக்கிட்டேன்” என்று சொல்லிப் பரிமாறவிட்டாள். முப்பது வயதிருக்குமா, இருக்காது. ஏஜெண்டு வேலையில் வந்த பிள்ளைக்கு இவ்வளவு பண்பு எதற்கு, கொஞ்சம் முரடாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. அவியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, ரசம், அப்பளம் இரண்டு. மோருக்குப் போகும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்தவன் எல்லாம் இந்தப் பயணத்துக்கு வரவே கூடாது. சீனக் கிழவர் ஒருவர் பின்னிருக்கையில் மூன்று கோழித்துண்டு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறார், நாலு மணிக்கு எழுந்து நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு அது வெறும் கோழி. நமக்கு அப்படியா. ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனால், பிடிக்காது என்று தெரிந்துவிட்டால், கேசரியைத் தொடாமல் வருகிற சனம் நாம். சிந்தாமணியைப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளும் இரண்டாம் தடவை ரசம் வாங்கியிருக்கிறாள். பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன் கையால சாப்பிட்டது எங்க மக வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கு என்று வேறு சொல்லிவிட்டாள். அது சோற்றுக்குச் சொன்னது. அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.

சுலைமான் அப்போதே சொன்னான். ஒரே டிப்போவில் இருபது வருடம் கூட ஓட்டியவன், ஜொகூரில் தம்பி வீட்டுக்கு வாராவாரம் போய்வருகிறவன். ஏஜெண்டு வண்டியில் போகாதே பக்கிரி, அவன் வீட்டைக் காட்டமாட்டான், வீட்டுக்குப் போகிற வழியில் எது நல்லதோ அதைக் காட்டுவான், நீயே ஒரு திங்கள்கிழமை காலையில் போ, மழை பெய்கிற அன்றைக்குப் போ, சாக்கடை எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார், பக்கத்து வீட்டுக்காரனிடம் தண்ணீர் வருகிறதா என்று கேள் என்றான். சரியான பேச்சு. சிந்தாமணியும் அதையேதான் சொன்னாள், மருமகன் வண்டியை ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், நாமே போய் நிதானமாகச் சுற்றிப் பார்ப்போம் என்று. அப்போது பக்கிரிசாமி எவ்வளவு பேசினார். நமக்கு அந்த ஊர்ச் சட்டம் தெரியாது, ஏஜெண்டு என்றால் காகிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஒரே நாளில் மூன்று இடம் பார்க்கலாம், வண்டிச் செலவு மிச்சம். அவ்வளவும் பொய்யில்லை. ஆனால் ஒன்றுகூடக் காரணமில்லை. மருமகன் வண்டியை வாங்கினால் ஓட்ட வேண்டும். ஓட்ட வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். அறுபத்தைந்து முடிந்ததும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனவரை அந்தச் சின்ன டாக்டர் கண் மருத்துவமனைக்கு அனுப்ப, அங்கே ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தினார். வெகுநேரம் புள்ளியே வரவில்லை, இயந்திரம் கெட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது, வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தப் பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். நாலு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் சிந்தாமணி, லைசென்ஸ் ஆச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றார். ஒரு வார்த்தை, அதுவும் சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே. அதைத் திருத்த நாலு மாதமாக ஒரு நல்ல நேரம் தேடுகிறார்.

ஏன் சொல்லவில்லை என்று தன்னைத் தானே கேட்டால் பதில் கிடைக்காது, டிப்போதான் ஞாபகம் வரும். அதிகாலை ஐந்தேகாலுக்கு முதல் வண்டி. இடது கண்ணாடி, உள் கண்ணாடி, வலது கண்ணாடி, மறுபடி இடது. இடது பக்கம்தான் முக்கியம் என்று பயிற்சியில் அடித்துச் சொல்வார்கள், கதவு அந்தப் பக்கம், சனம் ஏறுவது அந்தப் பக்கம், கடைசி நிமிடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை அந்தப் பக்கம். முப்பத்தொரு வருடத்தில் ஓடிவந்த ஒருத்தரையும் விட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்ததில்லை. அந்தப் பக்கமே போய்விட்டது என்றால் எப்படிச் சொல்வது. இருட்டாகவாவது இருந்தால் இருட்டு என்று சொல்லலாம். அதுவுமில்லை. அங்கே ஒன்றும் இல்லாததுபோல இருக்கிறது, திடீரென்று ஒரு ஆள் முளைக்கிறான். போன மாதம் கீழே காப்பிக்கடையில் தட்டு தூக்கிவந்த அம்மாள் அப்படித்தான் முளைத்தாள், சூடான காப்பி அவள் கையெல்லாம். பார்த்து நடக்கக்கூடாதா கிழவா என்று சீனத்தில் திட்டினாள், நியாயம்தான். அன்றிலிருந்து சிந்தாமணியை எப்போதும் தன் வலப்பக்கமே வைத்துக்கொள்கிறார். இந்த வண்டியில்கூட அவளை வலது ஜன்னலோரம் உட்காரவைத்தவர் அவர்தான். காற்று நல்லா வரும் என்றார். குளிர்சாதன வண்டியில் எந்தக் காற்று வருமோ, அவளும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு வீடு வேண்டும். இதில் ஒளிவுமறைவு இல்லை. பன்னிரண்டாவது மாடியில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டாள், முழங்கால் இரண்டும் போய்விட்டது, மின்தூக்கி பழுதான அன்றைக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே சிறை. தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, ஓமவல்லி, ஒரு எலுமிச்சை என்று ஏழு தொட்டி வைத்திருந்தாள். நடைபாதையை மறைக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், அப்புறம் இரண்டாவது நோட்டீஸ், அப்புறம் அவளே ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. ஆனால் அன்று இரவு குழம்பில் கறிவேப்பிலை போடவில்லை, கடையில் வாங்கியது இருந்தும் போடவில்லை. அதற்கப்புறம்தான் தரை வீடு என்ற பேச்சு வந்தது. இருக்கிற அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளலாம், முன்னால் நாலடி மண் இருக்கும், சொந்தக் கேட்டு இருக்கும், நீங்க காரை ஓட்டிக்கிட்டு என்னைக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் கொண்டுபோய் விடலாம், ஊரையே ஏத்தி எறக்கினீங்க, இனிமே என்னை ஒருத்தியை ஏத்தி எறக்குங்க என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்தார். வீட்டைக் கட்டிப் பார் கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன் வீட்டை விற்றுப் பார் என்று சொல்லவில்லை. விற்றுவிட்டால் திரும்ப வாங்குகிற வயதா இது.

காலையில் பார்த்த அந்த மூலை வீடு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று, சுவரில் படம், மேசையில் பிளாஸ்டிக் மாம்பழம், அலமாரியில் புத்தகம், தொட்டுப் பார்த்தால் அட்டைப்பெட்டி. சிந்தாமணி இது எதையும் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள், ஜன்னலைத் திறந்தாள், கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள், சாமி மேடைக்கு ஒரு மூலையைக் கையால் அளந்தாள். எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள், அவள் முழங்காலைக் காட்டிக் கீழேயே நின்றுவிட்டாள். பாதிப்படியில் என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தார் பக்கிரிசாமி, நல்லவேளை அவள் வலப்பக்கம் இருந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். கல்லுப்பும் ஒரு துண்டு மஞ்சளும். எப்போது கட்டினாளோ, எல்லைச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னபோதுகூட அவர் கண்ணில் படவில்லை. புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும்தான் போகவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அதை அடுப்புமேடைக்கு மேலே இருந்த பலகையில், அங்கேயும் வைத்திருந்த பிளாஸ்டிக் மாம்பழத் தட்டுக்குப் பின்னால் உள்ளங்கையால் தள்ளி வைத்தாள். வைத்துவிட்டுக் கையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான், குடிவந்தாயிற்று. அவர் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

வண்டி நின்றது. நிஜ வீடுகள் வந்துவிட்டன. இறங்க வேண்டாம், வேலை நடக்கிறது, இங்கிருந்தே பாருங்கள் என்று பிரமிளா ஒலிவாங்கியில் மூன்று மொழியில் சொன்னாள். வரிசையாக நாற்பது கூடு, பாதிக்குக் கூரையில்லை, முன்னால் செம்மண் சேறு. நாலடி மண் என்று அவள் கேட்டதற்கு நாற்பது ஏக்கர் சேறு. சிந்தாமணி கொஞ்ச நேரம் ஜன்னலில் பார்த்துவிட்டுப் பிரமிளாவைக் கூப்பிட்டாள். அப்ப காலையில பாத்தமே அந்த மூலை வீடு, அது எங்க இருக்கு என்று கேட்டாள். “அது மாதிரி வீடு ஆண்டி, அத விக்க மாட்டோம். பாக்குறவங்களுக்காக வச்சிருக்கிறது. உங்க வீடு அச்சு அசல் அதே மாதிரி இங்க வரும்” என்றாள் அந்தப் பிள்ளை, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. சிந்தாமணி தலையாட்டினாள். அவள் காது நுனி சிவந்ததைப் பக்கிரிசாமி பார்த்தார். யாரும் குடிவரப்போகாத வீட்டில், பிளாஸ்டிக் மாம்பழத்துக்குப் பின்னால் உப்பை வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதை இப்போது யாரிடம் சொல்வாள், புருஷனிடம்கூடச் சொல்ல வெட்கம். சிரிப்பு வந்தது அவருக்கு. உடனே அடக்கிக்கொண்டார். நாலு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பொட்டலம் உப்பைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை.

ரம்லி வண்டியைத் திருப்பினான். டவுனுக்கு ஏழு நிமிடம் என்று பிரமிளா சொன்னாள். ஏழு நிமிடம் என்றால் விடியற்காலை, ஞாயிற்றுக்கிழமை, பச்சை விளக்கு, தலைபோகிற அவசரம். இவர் கணக்கில் இருபத்திரண்டு. அது போகட்டும். அவரை உறுத்தியது வேறு. சாப்பிட்டுக் கிளம்பியதிலிருந்து எதிரே ஒரு பஸ் வரவில்லை. ஒரு நிறுத்தம் இல்லை. கம்பம் இல்லை, கூரை இல்லை, குடை பிடித்துக்கொண்டு சாலையை எட்டிப் பார்த்து நிற்கிற ஒரு பொம்பிளை இல்லை. முப்பத்தொரு வருடம் நிறுத்தம் நிறுத்தமாக வாழ்ந்தவருக்கு ஒரு ஊரை அப்படித்தான் பார்க்கத் தெரியும். மார்க்கெட்டு எங்கே, கோயில் எங்கே, கிளினிக் எங்கே, எல்லாவற்றுக்கும் கார். கார் இருந்தால் சொர்க்கம். இல்லாவிட்டால் அந்த நாலடி மண்ணில் கறிவேப்பிலை ஓங்கி வளரும், பறித்துப் போட குழம்புக்குக் காய் இருக்காது. பன்னிரண்டாவது மாடியிலாவது மின்தூக்கி பழுதானால் மறுநாள் ஆள் வந்து பார்ப்பான். கண்ணை யார் வந்து பார்ப்பது. அவள் கேட்டுக்குள் நிற்பாள், அவர் கேட்டுக்குள் நிற்பார், இருவரும் சொந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்ப்பார்கள். இல்லை, பயத்தில் ஒரு நாள் சாவியை எடுப்பார், பக்கத்துத் தெருதானே என்று எடுப்பார், தன்னை அவருக்குத் தெரியும், இடது பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். நாலு மணிக்குக் கையெழுத்து. இப்போதே சொல்லலாம். சனம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். வீட்டுக்குப் போவதற்குள் போட்டுவிடுவாளே. போடட்டும், பதினான்கு நாளில் ரத்து செய்யலாம் என்று எங்கோ எழுதியிருந்தது. ரத்து செய்ய என்ன காரணம் சொல்வது. சுற்றிச் சுற்றி அதே மஞ்சள் பெட்ரோல் நிலையம்தான், மூன்றாவது தடவையாக.

விற்பனை அலுவலகத்துக் கேட்டுக்குள் வண்டி நுழைந்தது. பக்கத்திலேயே அந்த மாதிரி வீடு, மத்தியான வெயிலில் பளபளவென்று. எல்லாரும் எழுந்தார்கள். சிந்தாமணியும் எழுந்து, வழிவிடுவார் என்று அவர் தோளைத் தொட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“சிந்தாமணி, எனக்கு லைசென்ஸ் இல்ல.”

அவள் முதலில் பையைப் பார்த்தாள், வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவர் கீழே குனிந்தபடியே மிச்சத்தையும் சொன்னார், கிண்ணத்துக்குள் தலை வைத்தது, வராத புள்ளி, இடது பக்கம், நாலு மாதம். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று இருந்தது. பின்னிருக்கைச் சீனக் கிழவர் எழுந்து, இவர்களைக் கடந்து இறங்கிப் போனார்.

“கண்ணு காஞ்சு போவுதுன்னு சொட்டு மருந்து விட்டீங்களே, அது இதுக்குத்தானா?” என்றாள் சிந்தாமணி.

ஆமாம் என்றார். அவள் அவர் முழங்காலைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தாள், படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். கோபம். கழுத்தைப் பார்த்தாலே தெரியும், முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிற கழுத்து. பிரமிளா படிவத்தோடு ஓடிவர, அவளிடம் என்னவோ சொல்லிவிட்டு மாதிரி வீட்டுப் பக்கம் நடந்தாள். அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ஆண்டிக்கு இன்னொரு வாட்டி சமையலறையப் பாக்கணுமாம் அங்கிள் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பக்கிரிசாமி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பி நேராக வைத்துப் பார்த்தார், அப்படிப் பார்த்தால் முழுசாகத் தெரிந்தது. அவள் திரும்பி வெளியே வர வெகுநேரம் பிடித்தது. ஜன்னலைச் சாத்தியிருப்பாள், அந்த மூலையை இன்னொரு தடவை அளந்திருப்பாள், தெரியவில்லை. வந்தபோது வலது கை மூடியிருந்தது. படிக்கட்டருகே பிரமிளா பேனாவை நீட்டினாள்.

“சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நீ நல்லா இருப்ப. வீடு வேணாம்.”

இவ்வளவுதானா, இதைச் சொல்ல முடியும் என்று நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டார் பக்கிரிசாமி. ரசத்துக்கு நன்றி தனி, வீட்டுக்குப் பதில் தனி. பிரமிளா ஏன் என்று கேட்டாள், விலையைப் பேசிப் பார்க்கலாம் என்றாள், அப்புறம் சிந்தாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி ஆண்டி, உள்ளே வந்து தண்ணியாச்சும் குடிங்க என்றாள். வேணாம்மா, ஒண்ணுமே வேணாம் என்று சிந்தாமணி மெதுவாக ஏறினாள். இருக்கைக்கு வந்து நின்றாள்.

“உள்ள தள்ளி உக்காருங்க.”

அவர் ஜன்னலோரம் நகர்ந்தார். அவள் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை, தோளில் தோள் பட்டதும்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போயி பேசிக்கிறேன் உங்கள என்றாள். சரி என்றார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, மஞ்சள் துண்டு இருக்கிறதா என்று விரலால் தடவி, மறுபடி மடித்துப் பைக்குள் போட்டாள். கைப்பைக்குள் ஒரு காகிதத்தில் வீட்டுப் படம் மடித்து வைத்திருந்தாள், அதை எடுக்கவில்லை, அதன்மேலேயே போட்டு மூடினாள்.

“நல்ல உப்புதான். நாளைக்கு ரசத்துக்கு ஆவும்.”

ரம்லி ஏறி உட்கார்ந்தான். மற்றவர்கள் வரட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தான்.